பூஜ்யத்தில் வைத்த பூட்டு

பயந்த கையில் துப்பாக்கி வெடிக்காது. என் பிழைப்பு இந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது.

சட்டம் வந்து ஏழு வருடம் ஆகிறது. லைசென்ஸ் துப்பாக்கி எதுவானாலும் கைப்பிடிக்குள் ஒரு பூட்டு இருக்க வேண்டும். பிடித்திருக்கிற கையின் நாடி, வியர்வை, நடுக்கம் மூன்றையும் பார்த்து, பயம் நூற்றுக்கு இவ்வளவு என்று அது மதிப்பெண் போடும். அறுபதைத் தாண்டிவிட்டால் விசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அரசாணையில் அதற்கு 'அச்சநிலைக் காப்பு' என்று அழகான பெயர். ஜனங்களுக்கு அது பயப்பூட்டு. ஆனைமலை அடிவாரத்துத் தாலுகா ஒன்றில் நான் பயப்பூட்டுப் பரிசோதகர். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பூட்டையும் சரிபார்ப்பதும், வருடம் முழுக்கத் திட்டு வாங்குவதும் என் வேலை.

எங்கள் பக்கம் துப்பாக்கி கேட்பவர்கள் ரவுடிகள் இல்லை. தென்னந்தோப்பு நடுவே ஒற்றை வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். பக்கத்து வீடு என்றால் அரைமைல். எங்கோ ஒரு தோட்டத்து வீட்டில் கொள்ளை என்று செய்தி வந்தால், அடுத்த வாரமே எங்கள் அலுவலக வராண்டாவில் உட்கார இடம் இருக்காது. எல்லோருக்கும் ஒரே கோரிக்கை. "அறுபதை எண்பதாக்கிக் குடுங்க. தொண்ணூறாக்கிக் குடுங்க."

அப்படித் தளர்த்த எனக்கு அதிகாரம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் என் மேசை முன்னால் அழுதார். மனது கேட்கவில்லை. தொண்ணூறு ஆக்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம், மரத்தடியில் மறந்து வைத்த அரிவாளை எடுக்கத் திரும்பி வந்த மரமேறி ரங்கனின் முழங்காலில் அவர் சுட்டார். சுட்டவர் கெட்டவர் இல்லை. பத்து வருடமாக ரங்கனுக்கு மத்தியானச் சோறு போட்டவர். பயந்திருந்தார், அவ்வளவுதான். ரங்கன் இப்போது எங்கள் அலுவலக வாசலில் இளநீர் விற்கிறார். வேறு யாரோ ஏறிப் பறித்த இளநீர். தினமும் அவரிடம்தான் குடிக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். பார்க்காமல் போனால் அதைவிட வெட்கமாக இருக்கும்.

அதனால் அவிநாசியப்பன் போன பங்குனியில் என் மேசைக்கு வந்தபோது, 'முடியாதுங்க' என்ற வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன்.

அறுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு பூவன் பழம். அரசு அலுவலகத்துக்கு ஏதோ கல்யாண வீட்டுக்கு வருவதைப் போல வந்திருந்தார். ஆண்டுச் சோதனையில் இரண்டு தடவை தோற்றவர். சோதனை ஒன்றும் பெரிதில்லை. காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, காதில் ஒரு கருவியை மாட்டிவிடுவேன். திடீரென்று யாரோ கதவை இடிக்கிற சத்தம் கேட்கும். அப்போது மதிப்பெண் அறுபதுக்குள் நிற்க வேண்டும். இவருக்கு முதல் தடவை எண்பத்தொன்று, அடுத்த தடவை எழுபத்தெட்டு.

"மூணாவது தடவையும் தாண்டிருச்சுன்னா லைசென்ஸ் ரத்துங்கய்யா. துப்பாக்கியை எடுத்துருவாங்க" என்றேன்.

"தெரியுமுங்க அம்மிணி." பழத்தை மேசையில் வைத்தார். "ஒண்ணு கேக்கலாமுங்களா? பயந்தவனுக்குத்தானுங்க துப்பாக்கி. பயமில்லாதவனுக்கு அது என்னத்துக்குங்க?"

இந்தக் கேள்வியை ஏழு வருடமாகக் கேட்கிறேன். பதிலும் மனப்பாடம்.

"பயந்த கண்ணு தப்பாப் பாக்குமுங்கய்யா. இந்தப் பூட்டு வர்றதுக்கு முன்னால வீட்டுல வெடிச்ச துப்பாக்கி எல்லாத்தையும் எண்ணிப் பாத்தாங்க. திருடன் மேல பட்டது கொஞ்சம். சொந்தக்காரங்க மேல, வேலைக்காரங்க மேல பட்டதுதான் நெறைய. பயத்தோட சுட்டா ஆளு தெரியறதில்லை."

அவர் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு வந்து பாருங்க அம்மிணி. ஊட்டுல வெச்சுப் பாத்தா இத்தனை வராது" என்றார். கேட்டால் வீட்டிலும் சோதிக்கலாம் என்று விதி இருக்கிறது. வியாழக்கிழமை காலை வருவதாகச் சொன்னேன். பழத்தை வேண்டாம் என்றேன். அவர் எழுந்து போனபின் அது மேசையிலேயே இருந்தது.

கல்லாங்காட்டுப்பதியில் காரை மண்பாதையில் இறக்கி, தென்னைகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் போனால் அவர் வீடு. வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு. அத்தனையும் ஆண்கள் செருப்பு. ஏதோ விசேஷம் போலிருக்கிறது, தவறான நாளில் வந்துவிட்டோம் என்று தயங்கினேன்.

"வாங்க, வாங்க. யாருமில்லை, நாங்க ரெண்டு பேருதான்" என்றபடி ஒரு அம்மாள் வெளியே வந்தார். அவிநாசியப்பனின் மனைவி தனபாக்கியம். என் பார்வை போன இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "பையனோட பழைய செருப்புங்க. வெளிய போட்டு வெச்சா ஆம்பளைங்க நெறைய இருக்கறாங்கன்னு நெனைப்பாங்க பாருங்க. கோயமுத்தூருல இருந்து வர்றப்பல்லாம் பழசை இங்க கழட்டிப் போட்டுட்டுப் போவான். எங்களுக்குக் காவலு அதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவது ஜோடியாக என் செருப்பையும் பக்கத்தில் கழற்றி வைத்தேன்.

துப்பாக்கி நடுவீட்டுச் சுவரில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. பழைய இரட்டைக் குழல். கைப்பிடியில் மட்டும் புதிதாகப் பூட்டு. சோதனைக்கு முன் பூட்டுக்குள் இருக்கும் பதிவைப் பார்ப்பது வழக்கம். என்றைக்கு யார் எடுத்தார்கள், கை எவ்வளவு நடுங்கியது, எல்லாம் அதில் இருக்கும். தனபாக்கியம் மோர் கொண்டுவர உள்ளே போனார். நான் கருவியை இணைத்தேன்.

வருடம் முழுக்க எழுபது, எழுபத்தைந்து. நாய் குரைத்திருக்கும், தென்னைமட்டை விழுந்திருக்கும். எடுப்பார், வைப்பார். எல்லோருடைய பதிவும் இப்படித்தான். ஐப்பசி மாதத்தில் மட்டும் ஒரு வரி சிவப்பாக இருந்தது. மாலை மூன்று மணி பத்து நிமிடம். பயம் தொண்ணூற்று நான்கு. அதற்குப் பக்கத்தில், 'விசை அழுத்தப்பட்டது'.

எடுப்பது வேறு, அழுத்துவது வேறு. இந்த மனிதர் யாரையோ சுட்டிருக்கிறார். பூட்டு விடவில்லை, அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். அவிநாசியப்பன் என் கருவியின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கெணத்தடிக்குப் போலாமுங்க அம்மிணி" என்றார் மெதுவாக.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவது வீட்டுக்குள் கேட்காது. அதற்குத்தான் அங்கே கூட்டி வந்தார் என்று பிறகு புரிந்தது.

"யாருங்கய்யா அது?"

வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு மத்தியானம் படுத்திருந்தனுங்க. அவ கோயலுக்குப் போயிருக்கறாள்னு நெனைச்சேன். களத்துல கொப்பரை காஞ்சுட்டு இருந்துச்சு. முழிச்சுப் பாக்கறேன், சன்னல்ல ஒரு ஆளு. உரச்சாக்கை மடிச்சுத் தலையில கொங்காடை போட்டு மூஞ்சியே தெரியலை. கால்ல ஆம்பளைச் செருப்பு. கையில அரிவாளு. பக்கத்துத் தோட்டத்துல கொள்ளை அடிச்சு ஒரு மாசங்கூட ஆகலீங்க. எடுத்தேன். நீட்டினேன். அழுத்திப்போட்டேன்."

"அப்புறம் யாருன்னு தெரிஞ்சுதுங்களா?" என்றேன்.

"மழை வருதுன்னு அவதான் கொப்பரையை அள்ள ஓடியாந்திருக்கறா. அவசரத்துல வாசல்ல கெடந்த பையன் செருப்பை மாட்டிட்டு, சாக்கைத் தலையில போட்டுட்டு, சாக்குக் கட்டை அறுக்க அரிவாளையும் எடுத்துட்டு. திரும்புனா பாருங்க..." துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "நாப்பத்தோரு வருசங்க. அவளை நான் கையோங்கினதுகூட இல்லை. அந்தப் பூட்டு மட்டும் இல்லீன்னா..."

"அவங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. தெரியவும் வேண்டாம்." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அதை எப்பவுமே வெடிக்காத மாதிரி பண்ணிக் குடுங்க. யாரு பிடிச்சாலும் சரி."

வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒருவர் பூட்டைத் தளர்த்தச் சொல்லாமல் இறுக்கச் சொன்னார். நான் தயாராக வைத்திருந்த 'முடியாதுங்க' எங்கே போனதென்று தெரியவில்லை.

"அதுக்குத் துப்பாக்கியையே ஒப்படைச்சுரலாமேங்கய்யா?"

"முடியாதுங்க. அது செவுத்துல இருந்தாத்தான் அவ தூங்குவா. எலெக்சனுக்கு எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேசன்ல வாங்கி வெச்சாங்களே, அந்த ரெண்டு மாசமும் அவ பொட்டுத் தூக்கமில்லை. பொரண்டு பொரண்டு படுப்பா. எனக்கு அது வெடிக்க வேண்டாம். அவளுக்கு அது வெடிக்குமுன்னு இருந்தாப் போதும்."

வழி இருந்தது. முழுப்பூட்டு என்று பெயர். எல்லையை அறுபதிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவது. உயிருள்ள எந்தக் கையும் பூஜ்யம் காட்டாது. தூங்குகிறவன் கையிலேயே ஏழெட்டு இருக்கும். ஆகவே யார் பிடித்தாலும் வெடிக்காது. அதற்கு ஒரு படிவம். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும், உரிமையாளருடையதும் வீட்டில் இருக்கும் இன்னொரு பெரியவருடையதும். தன்னைக் காக்கும் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கும் துப்பாக்கியை இன்னொருவர் தெரியாமல் செல்லாததாக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். விளக்கிச் சொன்னேன்.

பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்ததும், மோட்டார் அறைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது இடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அவகிட்டக் கேக்காதீங்க. வேற ஏதாச்சும் வழி இருந்தாப் பாருங்க."

"இது இல்லாமச் செல்லாதுங்கய்யா."

"உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க."

படிவம் கொடுத்துவிட்டால் சோதனையைத் தள்ளிவைக்கலாம். இன்றைக்குப் பதிவு மட்டும்தான், சோதனை இன்னொரு நாள் என்று வீட்டுக்குள் வந்து சொன்னேன். மோர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். காரில் தேங்காய் போட்டுவிடுகிறேன் என்று சாக்குப் பையோடு தனபாக்கியம் கேட் வரைக்கும் கூடவே வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. கேட்டை அடைந்ததும் பையைக் கீழே வைத்தார்.

"அம்மிணி, அந்த மிஷின்ல பழசெல்லாம் தெரியுமுங்களா?"

"சிலது தெரியுமுங்கம்மா."

"ஐப்பசி மாசத்துது தெரிஞ்சுதுங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுமுங்க. கொப்பரை அள்ளிட்டு இருக்கறப்ப முதுகுக்குப் பின்னால 'டிக்'குன்னு கேட்டுச்சு. பூட்டு வெச்சப்ப அழுத்திக் காட்டினாங்களே, அந்தச் சத்தம். அப்படியே நின்னுட்டனுங்க. மெதுவாத் திரும்பினா, அவரு துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு நிக்கறாரு. 'மழை வருதா?'ன்னாரு. 'ஆமாங்க'ன்னேன். அவ்வளவுதான் பேசினோம். அடுத்த நாளே பொள்ளாச்சிக்குப் போயி எனக்கு ஒரு செவப்பு மழைக்கோட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. கண்ணைப் பறிக்கற செவப்பு. ஏனுன்னு நான் கேக்கலீங்க."

"கோவம் வரலீங்களாம்மா?"

"யாருமேல கோவப்படறது? என்னைக் காப்பாத்தோணுமுன்னுதானே எடுத்தாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைல இருந்து நான் எங்க போனாலும் 'இங்கதான் இருக்கறேன்'னு கொரலு குடுத்துட்டே இருக்கறேன். அது ஒரு பக்கம் இருக்கட்டுங்க. எனக்கு ஒரு ஒதவி பண்ணுவீங்களா? அந்தத் துப்பாக்கியை வெடிக்காத மாதிரி பண்ணிருங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

"எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டா?"

"ஐயோ, வேண்டாமுங்க. அது இல்லீன்னா அவரு தூங்கமாட்டாரு. எலெக்சன் சமயத்துல ரெண்டு மாசம் ஸ்டேசன்ல இருந்துச்சே, மனுசன் தூங்கவேயில்லை. நான் பொரண்டு படுத்தா அவரும் பொரண்டு படுக்கறாரு. அவருக்கு அது இருந்தாத்தான் தைரியம். எனக்கென்ன, அவரு நிம்மதியாத் தூங்கினாப் போதும்."

எனக்கு ஒரே சமயத்தில் சிரிக்கவும் அழவும் தோன்றியது. ஒரு கட்டிலில் இரண்டு பேர். மனைவி தூங்கவில்லையே என்று அவர் விழித்திருக்கிறார், கணவர் தூங்கவில்லையே என்று இவர். நடுவில் பாவம் அந்தத் துப்பாக்கி, ஸ்டேஷன் அலமாரியில் நன்றாகத் தூங்கியிருக்கும்.

இன்னொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையெழுத்து வேண்டும் என்று இவரிடமும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. காரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கணவர் பெயர் இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "இது மட்டும் போடாம விட்டுருங்க" என்றார்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கீழே காலி. இன்னொன்றில் மேலே காலி. கூப்பிட்டு உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் தெரியப்படுத்திவிடலாம். அதுதான் நேர்மை. ஆனால் தெரிந்துவிட்டால், நாற்பத்தொரு வருடத்தில் ஒரு நாள் மாலை மூன்று பத்தை அவர்கள் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். அதை அவர்கள் எப்போது பேசுவது என்று நாள் குறிக்க நான் யார்?

வெளியே போய் ரங்கனிடம் ஒரு இளநீர் வாங்கினேன். அவர் சீவிக்கொண்டே, "என்னங்க மேடம், மூஞ்சியே செரியில்லை" என்றார்.

"ரங்கண்ணா, அன்னைக்கு உங்களைச் சுட்டவரு இப்ப எப்படி இருக்காரு?"

"வாராவாரம் வருவாருங்க. பேசமாட்டாரு. வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருவாரு." சீவிய இளநீரை நீட்டினார். "என் காலைவிட அவருக்குத்தாங்க வலி சாஸ்தி. எனக்காச்சும் ஆறிப்போச்சு."

உள்ளே வந்தேன். இரண்டு படிவங்களையும் ஒன்றாக வைத்து ஒரே பின் அடித்தேன். விதி கேட்பது இரண்டு கையெழுத்து. இரண்டும் இருந்தன. 'ஒப்புதல்' முத்திரையைக் குத்தினேன்.

திங்கட்கிழமை போய் இருவர் முன்னாலும் கருவியை இணைத்து, பூட்டைப் பூஜ்யத்தில் வைத்தேன். "வருசாந்தரச் சரிபார்ப்பு" என்றேன். அதுவும் பொய் இல்லை. அவிநாசியப்பன் என்னைப் பார்த்தார், லேசாகத் தலையசைத்தேன். தனபாக்கியம் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தார், அவருக்கும் தலையசைத்தேன். இருவரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் வருடம் முழுக்க அது என்னை உறுத்திக்கொண்டேதான் இருந்தது. நிஜமாகவே ஒரு திருடன் வந்துவிட்டால்? செய்தித்தாளை எடுத்ததும் முதலில் கல்லாங்காட்டுப்பதி என்ற பெயரைத்தான் தேடுவேன். அவர்களுடைய பயத்தை நான் வாங்கிக்கொண்டது போலிருந்தது.

முழுப்பூட்டு போட்டாலும் வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். இந்தப் பங்குனியில் போனேன்.

வாசலில் இரண்டே ஜோடிச் செருப்பு. ஆணியில் சிவப்பு மழைக்கோட்டு. நடையில் ஏறும்போதே "இங்கதான் இருக்கறேன்" என்று உள்ளேயிருந்து தனபாக்கியத்தின் குரல் கேட்டது. என்னிடம் சொல்லவில்லை. "கேக்குது, கேக்குது" என்று அவிநாசியப்பன் கொல்லையிலிருந்து பதில் சொன்னார். மனிதர் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

பதிவைத் திறந்தேன். தினமும் பொழுது சாயும்போது ஒருமுறை எடுத்துத் துடைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். அவ்வளவுதான். நாய்க்கும் மட்டைக்கும் ஒருநாள்கூட எடுக்கவில்லை.

"உக்காருங்கய்யா. கையில பிடிங்க."

பிடித்தார். காதில் கருவியை மாட்டினேன். கதவை இடிக்கிற சத்தத்தை முழு அளவில் வைத்தேன். அவர் கண் கொஞ்சம் விரிந்தது. அடுப்படி வாசலில் நின்ற தனபாக்கியத்தைப் பார்த்தார். துப்பாக்கியின் குழல் தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அந்த அம்மாள் நகரவில்லை. அவிநாசியப்பனின் கையும் நடுங்கவில்லை.

பதினொன்று.

ஏழு வருடத்தில் இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. பாதுகாப்புக்குப் போகிற போலீஸ்காரர்களுக்கே முப்பது வரும். கருவி மணியடித்தது. திரையில் பச்சை எழுத்தில் வந்தது: 'உரிமையாளர் அச்சமற்றவர். துப்பாக்கியைப் பயன்படுத்த முழுத் தகுதி உண்டு. பூட்டைத் திறக்கலாமா?'

இது வெடிக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் பயமில்லை. பயமில்லாததால், இனி வெடிக்கலாம் என்கிறது இயந்திரம். அதைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குக் கையைத்தானே பார்க்கத் தெரியும்.

"பாஸுங்களா?" என்றார் அவிநாசியப்பன், காதிலிருந்ததைக் கழற்றியபடி.

"பாஸுங்கய்யா. தாலுகாவுலயே நீங்கதான் முதலு."

தனபாக்கியத்தின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே, அது இருந்தா எங்க ஊட்டுக்காரருக்குத் தைரியம் சாஸ்தியுன்னு" என்றார் என்னிடம். அவர் கூச்சத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இனி ஒனக்கென்ன பயம்" என்றார் மனைவியிடம்.

நான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். கருவி விடவில்லை. தகுதி இருந்தும் திறக்காததற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டத்தைக் காட்டியது.

சுவரில் அவர் துப்பாக்கியை மாட்ட, கோணலாக இருக்கிறது என்று அந்த அம்மாள் நிமிர்த்திவிட்டார். கட்டத்தில் எழுதினேன்:

'துப்பாக்கி நன்றாக வேலை செய்கிறது. மாற்றம் எதுவும் தேவையில்லை.'